அஃறிணையோடு ஓர் உடன்படிக்கை

பேசும் விலங்குகள் நடமாடும் நகைச்சுவை நாவல்களில் ஒரு கட்டம் தவறாமல் வந்து சேர்கிறது. சண்டை முற்றி, இரு தரப்புக்கும் அலுத்துப்போய், மனிதர்களும் விலங்குகளும் சமரசம் பேச உட்காருகிறார்கள். அதுவரை சிரித்துக்கொண்டு வந்த வாசகன் அந்த இடத்தில் கொஞ்சம் நெகிழ்ந்தும் போகிறான். எனக்கு அங்கேதான் சந்தேகம் தொடங்குகிறது. சமரசம் யாருடைய பாஷையில் பேசப்பட்டது? யாருடைய சட்டப்படி எழுதப்பட்டது? கையெழுத்துப் போடுவதற்காக விலங்கு எதை விட்டுக்கொடுத்தது? இந்த மூன்று கேள்விகளையும் ஹாஸ்யம் மூடிவிடுகிறது. இம்மாதிரி எழுத்தைக் குழந்தைகளுக்கானது என்று ஒதுக்கிவிடுவது நம் விமர்சனத்தில் வழக்கமாக இருப்பதால், கேள்விகள் கேட்கப்படாமலே போகின்றன. ஆனால் இந்தச் சமரசத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதில் கணிசமான பகுதி தமிழில் நடந்திருக்கிறது. ஒரு முக்கியமான அத்தியாயம் திருவண்ணாமலை மலைச்சரிவில் நடந்திருக்கிறது.

முதலில் இலக்கணத்தைப் பார்க்க வேண்டும். தமிழில் ஒரு விலங்கு வாயைத் திறந்ததுமே வினைமுற்றில் தகராறு வந்துவிடுகிறது. நரி சொன்னது என்பதா, சொன்னான் என்பதா, நரியார் சொன்னார் என்பதா? ஆங்கிலத்தில் எழுதுகிறவனுக்கு இந்தச் சங்கடம் பிரதிப்பெயரில் மட்டும்தான். நமக்கு ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் காத்திருக்கிறது. தொல்காப்பியம் உலகத்தை இரண்டாகப் பிரித்து மக்களை ஒரு பக்கம் நிறுத்தியது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் நன்னூல் அந்தப் பக்கத்தில் தேவரையும் நரகரையும் சேர்த்துக்கொண்டது. அதாவது நரகத்தில் கிடப்பவனுக்கும் உயர்திணையில் இடம் உண்டு. வீட்டில் கட்டியிருக்கும் பசுவுக்கு இல்லை.

ஆனால் இலக்கணக்காரர்கள் இந்தக் கோட்டை உறுதியாக நம்பினார்கள் என்று சொல்வதற்கில்லை. உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுக்கும் மரபியலில், விலங்கில் ஒரு சாராருக்கு ஆறாவது அறிவு உண்டு என்று ஒரு வாசல் திறந்துவைக்கப்பட்டிருக்கிறது. கிளி, குரங்கு, யானை என்று உரை மரபு அந்த வாசல் வழியாகச் சிலரை உள்ளே அனுப்புகிறது. நன்னூலும் தன் பங்குக்கு, அஃறிணைப் பொருள்கள் கேட்பது போலவும் பேசுவது போலவும் சொல்லலாம் என்று அனுமதி தருகிறது. இந்த அனுமதியின் உயிர் 'போலவும்' என்ற சொல்லில் இருக்கிறது. பேசலாம், ஆனால் பேச்சு கணக்கில் வராது. மனிதனுக்கும் பேசும் விலங்குக்கும் இடையே தமிழில் எழுதப்பட்ட முதல் உடன்படிக்கை இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1826-ல் தாண்டவராய முதலியாரின் பஞ்சதந்திரம் உரைநடையில் வெளிவந்து பள்ளிக்கூடங்களுக்குப் போனபோது, இந்த உடன்படிக்கையும் கூடவே போயிற்று. விலங்கு பேசும், கேட்டு நீதி கற்றுக்கொள்கிறவன் ராஜகுமாரன். விலங்குக்கு அதில் ஒரு லாபமும் இல்லை.

இந்தப் 'போலவும்' தாங்காமல் முறிந்துபோகும் இடம் ஒன்று உண்டு. கம்பனின் வாலி வதைப் படலம். அம்பு தைத்துக் கிடக்கும் வாலி, மறைந்து நின்று எய்தவனைக் கேள்வி கேட்கிறான். இதே கட்டத்தில் வான்மீகியின் ராமன் இரண்டு வாதங்களைச் சேர்த்து வீசுகிறான்: நீ தம்பி மனைவியைக் கவர்ந்தாய், தர்மம் தவறினாய், மேலும் நீ குரங்கு, விலங்கை மறைந்திருந்து வேட்டையாடுவது அரசர்களுக்குக் குற்றமில்லை. இரண்டும் ஒன்றையொன்று வெட்டுகின்றன. குரங்கு என்றால் தர்மம் அதைக் கட்டாது. தர்மம் கட்டும் என்றால் அது வேட்டை மிருகம் ஆகாது. கம்பன் இந்த முரணைப் பார்த்திருக்க வேண்டும். அவன் ராமன் இரண்டாம் வாதத்தைக் கைவிட்டுவிடுகிறான். அந்த வாதத்தின் மறுபுறத்தைக் கம்பன் வாலியிடமே கொடுத்துவிடுகிறான். எங்கள் குலத்துக்கு உங்கள் மண முறையும் கற்பும் விதிக்கப்படவில்லை, எங்கள் வழக்கம் வேறு என்கிறான் வாலி. தன் மீது அன்னியச் சட்டம் பாய்கிறது என்பது அவன் முறையீடு. இவ்வளவு நியாயம் தெரிந்த நீ விலங்கு அல்ல என்பது ராமனின் பதில். முதலை வாயில் அகப்பட்டு இறைவனை அழைத்த யானையும் ஜடாயுவும் அவனுக்கு உதாரணமாகிறார்கள்.

இது பெருமையா, பொறியா? இரண்டும்தான். விலங்குக்கு இதைவிடப் பெரிய மரியாதையைத் தமிழ்க் கவிதை தந்ததில்லை. ஆனால் வாலி எவ்வளவு நன்றாக வாதாடுகிறானோ அவ்வளவு தூரம் அவன் தண்டனைக்கு உரியவனாகிறான். பேச்சே அவனுக்கு எதிரான சாட்சியமாகிவிடுகிறது. பேசத் தெரியாத குரங்காக இருந்திருந்தால் அவன் வழக்கத்தை யாரும் விசாரித்திருக்க மாட்டார்கள். மறைந்து எய்தது ஏன் என்ற கேள்விக்கு ராமன் வாய் திறப்பதில்லை, இலக்குவன் பதில் சொல்கிறான் என்பதையும் கவனிக்கவேண்டும்.

இதற்குப் பிறகு வாலி செய்வதைத்தான் நான் சமரசம் என்று சொல்வேன். அவன் தோற்று அடங்கிவிடுவதில்லை, நிபந்தனை வைக்கிறான். தம்பி கள்ளைக் குடித்துப் புத்தி தவறினால் என் மீது விட்ட அம்பை அவன் மீது விடாதே. உன் தம்பிமார் அவனை அண்ணனைக் கொல்வித்தவன் என்று ஏசினால் தடுத்துவிடு. முதல் நிபந்தனை தர்மத்தைப் பற்றியதல்ல. குரங்குகள் குரங்குகளாகவே இருக்கும், குடிக்கும், மறக்கும். அதற்கு இடம் விடு என்பதுதான் அதன் பொருள். பின்னால் சுக்கிரீவன் அப்படியே குடித்து மயங்கிக் கெடுவைத் தவறவிடும்போது, செத்துப்போன வாலி எவ்வளவு தெரிந்து பேசினான் என்பது விளங்குகிறது. விலங்கு அல்ல என்று மனிதன் தீர்ப்புச் சொன்ன பிறகும், விலங்காக இருக்கும் உரிமையைத் தன் இனத்துக்குக் கேட்டு வாங்கிவிட்டான் வாலி.

பேச்சில்லாத வழக்கு ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. மனுநீதிச் சோழன் கதை சிலப்பதிகாரத்தில் குறிப்பாக வந்து, பெரிய புராணத்தில் விரிவாகச் சொல்லப்படுகிறது. கன்றை இழந்த பசு பேசவில்லை. கொம்பால் மணியை அசைத்தது. வழக்கறிஞர் இல்லை, மொழிபெயர்ப்பாளர் இல்லை. அரசன் மகனைத் தேர்க்காலில் இடச் சொன்னான். மந்திரி மனம் ஒப்பாமல் தன் உயிரை விட்டான். அரசன் தானே அந்தக் காரியத்தைச் செய்தான். கடைசியில் இறைவன் தோன்றி எல்லோரையும் எழுப்பிவிடுவதால் கதை சுபமாக முடிகிறது. தெய்வம் வராமல் இந்தச் சமரசம் நிற்காது என்பது சேக்கிழாருக்குத் தெரிந்திருக்கிறது.

இதே மணி இலங்கையின் மகாவம்சத்திலும் ஒலிக்கிறது. சோழ நாட்டிலிருந்து வந்து நாற்பத்து நான்கு வருஷம் ஆண்டதாகச் சொல்லப்படும் எல்லாளனின் வாசலில் பசுவோடு ஒரு பறவையும் வந்து மணியடிக்கிறது. அதன் குஞ்சைப் பாம்பு விழுங்கிவிட்டது. அரசன் பாம்பைப் பிடித்துவரச் செய்து, வயிற்றைக் கிழித்துக் குஞ்சை எடுத்து, பாம்பை மரத்தில் தொங்கவிடுகிறான். எதிரி இனத்து அரசனின் நீதியை மெச்சிப் பிக்கு எழுதிய பகுதி இது. அதற்காக அவரை மதிக்கலாம். ஆனால் பாம்பு தன் இரையைத்தான் தின்றது என்று சொல்ல அந்தச் சபையில் ஒருவருமில்லை. பாம்புக்கு மணி எட்டவில்லை. யாருக்கு எட்டுகிறதோ அவர்களுக்கு மட்டும் நீதி என்ற விதி, நீதி மிகச் சுத்தமாக வழங்கப்படும் இடத்திலேயே வெளிப்பட்டுவிடுகிறது.

நவீன காலத்து ஹாஸ்யக் கற்பனை இந்தப் பிரச்சினையை எப்படிக் கையாண்டது? செக் மொழியில் காரெல் சாப்பெக் 1936-ல் வெளியிட்ட, நீர்ப்பல்லிகளுடன் யுத்தம் பற்றிய நாவல் இந்த வகையின் உச்சம் என்று நினைக்கிறேன். முத்துக் குளிக்கப் பழக்கப்பட்ட பல்லிகள் பேசக் கற்று, ஆயுதம் பெற்று, கடைசியில் கண்டங்களின் கரையைக் கேட்கின்றன. வாடூஸ் நகரில் சமரச மாநாடு கூடுகிறது. பல்லிகளின் தரப்பில் வந்து உட்காருகிறவர்கள் மனித வக்கீல்கள். உலக வல்லரசுகள் பேரம் பேசிச் சீன நிலத்தை மூழ்கடிக்கத் தரலாம் என்கின்றன. சீனப் பிரதிநிதி எழுந்து பேசுகிறார், ஒருவருக்கும் புரியவில்லை. விலங்குக்குப் பேச்சு வந்துவிட்ட அந்த மாநாட்டில் ஊமையாக்கப்படுகிறவன் ஒரு மனிதன். ஆர்வெல்லின் பண்ணையில் (1945) பன்றிகளும் மனிதர்களும் சீட்டாடும் கடைசிக் காட்சி இதைவிடப் பிரசித்தம். சமரசம் கைகூடும் வேளையில் இரண்டு முகங்களுக்கும் வித்தியாசம் போய்விடுகிறது. மனிதனாக மாறினால்தான் மனிதனோடு ஒப்பந்தம் என்பதே இரண்டு நாவல்களும் கண்டுபிடித்த விதி.

பாரதியும் இந்த விதிக்கு விலக்கு அல்ல. 'காக்காய் பார்லிமெண்'டில் பறவை பாஷை தெரிந்த சாமியார் ஒருவர் தேவைப்படுகிறார். காகங்களின் சபை நம் சபைகளைக் கேலி செய்யத்தான் கூடுகிறது. 'குயில் பாட்'டில் குயில் பேசுகிறது, குரங்கைப் புகழ்கிறது, மாட்டிடம் மயங்குகிறது. குரங்கைப் பற்றிய அந்தப் பகுதியில் இருக்கும் விளையாட்டுக்குத் தமிழில் ஈடு குறைவு. ஆனால் காதல் கைகூடும் தருணத்தில் குயில் பெண்ணாகிவிடுகிறாள். அதன் பிறகு சி.சு. செல்லப்பா 'வாடிவாசல்' எழுதியபோது காளைக்கு வாய் தரவில்லை. காரி கடைசியில் ஜமீன்தாரின் துப்பாக்கிக்குப் பலியாகும்போதும் அது ஒரு வார்த்தை பேசுவதில்லை. அந்த அடக்கம் ஓர் இலக்கியத் தேர்வு மட்டுமல்ல, அறத் தேர்வும்கூட என்று சொல்லத் தோன்றுகிறது.

இப்போது மலைக்கு வரலாம். 1896 செப்டம்பர் முதல் தேதி திருவண்ணாமலைக்கு வந்த வெங்கட்ராமன் என்ற பையன், பிறகு ரமணர் என்று அறியப்பட்டவர், 1899-லிருந்து 1916 வரை விரூபாக்ஷி குகையிலும், அடுத்து 1922 வரை ஸ்கந்தாசிரமத்திலும் இருந்தார். அந்த வருஷங்களில் குரங்குகளோடு அவருக்கு ஏற்பட்ட உறவை ஆர்தர் ஆஸ்பர்ன் தம் 1954-ஆம் வருஷத்துச் சரித்திரத்தில் பதிவு செய்திருக்கிறார். ஆஸ்பர்ன் இந்த ஊருக்கு வந்தது 1945-ல். ஆகவே இது நேரில் கண்ட சாட்சியம் அல்ல. ரமணரே பிற்காலத்தில் சொல்லி, கேட்டவர்கள் நினைவில் வைத்திருந்தது. பக்தர்கள் எழுதும் சரித்திரத்தில் கனிவு மிகுந்துவிடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அப்படிக் கழித்த பிறகும் மிஞ்சுவது விசித்திரமாக இருக்கிறது.

ஒவ்வொரு குரங்குக் கூட்டத்துக்கும் ஒரு ராஜா, ஓர் எல்லை. எல்லை மீறினால் சண்டை. சண்டைக்கும் சமாதானத்துக்கும் முன்னால் ஒரு தூதன் போவான். ரமணர் கவனித்துச் சொன்ன அரசியல் இது. தூதன் என்ற சொல்லைக் குரங்கு ஆராய்ச்சியாளர்கள் ஏற்கமாட்டார்கள். கூட்டம் விட்டுக் கூட்டம் போகும் ஆண்குரங்கைத்தான் அவர் தூதன் என்று கண்டாரோ என்னவோ. சொல் எதுவானாலும், குரங்குகள் தம்மைத் தங்களில் ஒருவராக ஏற்று, தங்கள் வழக்குகளில் நடுவராக வைத்துக்கொண்டன என்று அவர் சொன்னார். மனிதர் பராமரித்த குட்டியைக் குரங்குக் கூட்டம் திரும்பச் சேர்க்காது. ஆனால் கடிபட்டு நொண்டியாகி அவரிடம் ஒதுங்கிய ஒரு குட்டியை, 'நொண்டிப் பையன்' என்று அழைக்கப்பட்டதை, அவை திரும்ப ஏற்றுக்கொண்டன. அது பின்னால் கூட்டத்தின் தலைமைக்கே வந்தது என்பார்கள். ஒரு தடவை அவர் மலையைச் சுற்றிவரும்போது, பச்சையம்மன் கோவில் அருகே பசியோடு நடந்தார். வேங்கிக்கால் பக்கத்திலிருந்து பார்த்தால் மலையின் வடகிழக்கு அடிவாரம் அது. குரங்குக் கூட்டம் ஒன்று காட்டு அத்திமரத்தில் ஏறிக் கிளைகளை உலுக்கிப் பழங்களை உதிர்த்துவிட்டு, தான் ஒன்றும் தின்னாமல் போய்விட்டது.

கடைசிச் சம்பவத்தைப் பக்தர்கள் விரும்பிச் சொல்கிறார்கள். எனக்கு முதலில் சொன்னதுதான் முக்கியம். சாப்பெக்கின் மாநாட்டில் விலங்கு மனிதச் சட்டத்துக்குள் வருகிறது. கம்பனில் மனிதன் தன் சட்டத்தை விலங்கின் மேல் விரிக்கிறான். இங்கே ஒரு மனிதன் குரங்குச் சட்டத்துக்குள் அனுமதிக்கப்படுகிறான். விதிவிலக்கு தருகிற அதிகாரம் குரங்குகளிடம் இருந்தது. அவர்கள் விரும்பினால் நொண்டியை மறுத்திருக்கலாம். எந்தக் குரங்கும் மனித பாஷை பேசவில்லை, பேசவேண்டிய அவசியமும் நேரவில்லை. கற்றுக்கொண்டது மனிதன். அதோடு ரமணர் விலங்குகளை 'அது' என்று சொல்வதில்லை, 'அவன்', 'அவள்' என்றே சொல்வார் என்பதும் பதிவாகியிருக்கிறது. நாய்களைப் பையன்கள் என்று சொல்லி, அவர்களுக்குச் சோறு போட்டாயிற்றா என்று கேட்பார். பாம்புகளைப் பற்றி, அவர்கள் இருப்பிடத்துக்கு நாம்தான் விருந்தாளியாக வந்திருக்கிறோம் என்பது அவர் வாதம். எல்லாளன் சபையில் பாம்புக்குக் கிடைக்காத வக்கீல் இங்கே கிடைத்தான். நன்னூலின் 'போலவும்' இந்தக் குகை வாசலில் செல்லுபடியாகவில்லை.

இதைப் புனிதமாக்கிவிடவும் கூடாது. நொண்டிப் பையன் ஒரு தடவை அவர் கண்ணருகே அடித்துவிட்டது. அதற்குத் தண்டனையாகச் சில நாள் மடியில் ஏற விடவில்லை. சோற்றை இறைத்ததற்குக் கண்டிப்பும் உண்டு. அந்த உறவில் ஒழுங்கு இருந்தது, கோபம் இருந்தது, மன்னிப்பு இருந்தது. சமரசம் என்றால் அதுதான். ஒரு தரப்பு முழுக்கக் கனிந்துவிட்டால் அதற்குப் பெயர் தர்மம் போடுவது. இன்று பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நாம் குரங்குகளுக்குச் செய்வது பெரும்பாலும் அதுதான். வாழைப்பழம் வீசுகிறோம், பையைப் பிடுங்கினால் கல் வீசுகிறோம்.

இன்றைய உடன்படிக்கைகள் வேறு இடத்தில் எழுதப்படுகின்றன. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தொடங்கிய முயற்சியின் விளைவாக 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அந்தச் சட்டம் உண்டாக்கிய விலங்குநல வாரியம் காளையின் சார்பில் வழக்காடியது. 2014 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் ஜல்லிக்கட்டுக்குத் தடை விதித்து, காளைக்கும் கௌரவம் உண்டு என்றது. 2017 ஜனவரியில் மெரினா நிரம்பியது. தமிழகச் சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றியது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு திருத்தத்தை ஏற்று, விலங்குக்கு அடிப்படை உரிமை உண்டு என்பதை ஏற்க மறுத்தது. எந்தத் தரப்பு சரி என்பது இங்கே என் விஷயமல்ல. இரண்டு தரப்பும் காளையின் பெயரால் பேசின. சாப்பெக்கின் வாடூஸ் ஞாபகம் வராமல் இந்தத் தீர்ப்புகளைப் படிக்க முடிவதில்லை. 2025 ஜனவரியில் தமிழக அரசு காட்டுப்பன்றிகள் விஷயத்தில் ஓர் எல்லை வகுத்தது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது, மூன்று வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும், அதற்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். ரமணர் சொன்ன குரங்குக் கூட்டங்களின் எல்லையைப் போலத்தான் இருக்கிறது. வித்தியாசம், பன்றியிடம் தூதன் யாரும் போகவில்லை. பயிரை இழந்த விவசாயிக்கு வேறு வழி இல்லை என்பதும் உண்மை. அவனும் மணிக்கயிறு எட்டாதவன்தான்.

திருவண்ணாமலை 1989-ல் தனி மாவட்டமானது. அதன் ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் இருக்கிறது. திங்கட்கிழமைகளில் ஜனங்கள் மனுக்களோடு வருகிறார்கள். கிராமங்களில் நடக்கும் முகாமுக்கு அரசு வைத்திருக்கும் பெயர் மனுநீதி நாள். அந்தப் பெயரை வைத்தவருக்குப் பசு ஞாபகம் இருந்ததா என்று நான் யோசித்ததுண்டு. இப்போது பசுவுக்கும் அடையாளம் உண்டு: காதில் பன்னிரண்டு இலக்க எண் பொறித்த வில்லை. வங்கியில் மாட்டுக் கடன் கோப்புகளைப் பார்க்கிற எனக்கு அந்த வில்லையின் அர்த்தம் தெரியும். செத்த மாட்டுக்கு இன்ஷூரன்ஸ் பணம் கேட்டு வருகிறவனிடம் நாங்கள் முதலில் கேட்பது வில்லையைத்தான். வில்லை இல்லாமல் இறந்த மாடு, காகிதத்தைப் பொறுத்தவரை இறக்கவில்லை. ஒரு வகையில் பிறக்கவும் இல்லை.

பெருமாள்முருகன் 2016-ல் வெளியிட்ட 'பூனாச்சி'யில் வெள்ளாட்டுக் குட்டிக்குக் காது குத்த அதிகாரிகள் முன் வரிசையில் நிற்கும் பகுதியைப் படித்தபோது, அதைக் கற்பனை என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை. மனிதர்களைப் பற்றி எழுத அஞ்சி ஆட்டைப் பற்றி எழுதியதாக அதன் முன்னுரையில் சொல்லியிருக்கிறார். விலங்குக் கதையின் பழைய ஒப்பந்தம் அங்கே தலைகீழாகிவிட்டது. மனிதனுக்காகப் பேச விலங்கு கூப்பிடப்பட்ட காலம் போய், மனிதன் பேச முடியாமல் விலங்குக்குள் ஒளிந்துகொள்ளும் காலம். பூனாச்சி மனிதர்களோடு பேசுவதில்லை, தனக்குள் நினைக்கிறது. அந்தக் கட்டுப்பாடு நாவலின் பலம்.

ஆகவே, பேசும் விலங்கு வரும் நாவலை எடுத்துக்கொண்டு வருகிறவர்களிடம் நான் எதிர்பார்ப்பது ஒன்றுதான். கடைசியில் சமரசம் ஏற்பட்டதா என்பது போதாது. அந்தச் சமரசத்துக்காக மனிதன் எந்தப் பாஷையைப் புதிதாகக் கற்றுக்கொண்டான், எந்தச் சட்டத்துக்குத் தன்னை உட்படுத்திக்கொண்டான்? விலங்கு மட்டும் மாறி மனிதன் அப்படியே இருந்தால், எவ்வளவு சிரிக்க வைத்தாலும் அது பஞ்சதந்திரத்தின் பாடப்புத்தகப் பதிப்புதான். வாலி கேட்ட முதல் நிபந்தனை, குடித்துத் தவறும் குரங்குக்கும் ஓர் இடம் வேண்டும் என்பது. அந்த நிபந்தனையை ஏற்று எழுதப்பட்ட ஹாஸ்ய நாவல் தமிழில் இன்னும் வரவில்லை. மலை இருக்கிறது, குரங்குகளும் இருக்கின்றன.